நாமமும் ஊசிவாலும்

ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தால் நான் பொய்க்காரி ஆனேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தை மாதத்தில் எங்கள் அறிவியல் டீச்சர் வகுப்பையே சித்தையன்கோட்டைப் பக்கத்துக் குளத்துக்குக் கூட்டிப்போய், வந்திறங்கியிருந்த காட்டு வாத்துகளைப் பார்த்து வரையச் சொன்னார். நெற்றியில் மஞ்சள் பட்டை இழுத்திருந்தால் நாமத்தலை வாத்து. வால் கூர்மையாக நீண்டிருந்தால் ஊசிவால் வாத்து. நான் வரைந்த வாத்துக்கு முன்னால் நாமமும் இருந்தது, பின்னால் ஊசிவாலும் இருந்தது.

டீச்சர் படத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டாய், வேறு வரை என்றார். பார்த்ததைத்தான் வரைந்தேன் என்று மூன்றாம் தடவை சொன்னதும், வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொல்லிவிட்டார். என்னைக் கண்டாலே வகுப்பில் "குவாக்" என்றார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். முதலில் வாத்தைக் காட்டு, டீச்சரிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று, ஞாயிற்றுக்கிழமை மெஷினை மூடிவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். அது பறந்து போயிருக்கக் கூடாதே என்று வழியில் வந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். மாதா கோயிலையும் விடவில்லை.

கரையேறிப் பார்த்தால், தண்ணீரே தெரியாத அளவுக்கு வாத்துகள். அரை மணி நேரம் கழித்து, நடுக்குளத்தில் நின்ற ஒற்றைக் கருவேல மரத்தடியில் அது தலையைத் தூக்கியது. விரலை நீட்டிக் காட்டினேன்.

அம்மா புருவத்தின் மேல் கையை வைத்துச் சிறிது நேரம் பார்த்தாள்.

"ஆமா தாயி, இருக்கு. நீ சொன்னது அம்புட்டும் சரிதான்."

மறுநாள் டீச்சர் முன்னால் தயங்கி நிற்பாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்றாள்.

"ஏம் புள்ள பொய் சொல்லல டீச்சர். நானே எங் கண்ணால பாத்தேன்."

டீச்சர் நல்லவர். என் படத்தைக் கல்லூரியில் விலங்கியல் நடத்தும் தன் அண்ணனுக்கு அனுப்பினார். மாசியில் வந்த பதிலை வகுப்பில் சத்தமாகப் படித்தார். காட்டு வாத்துகளில் ஓரினம் இன்னோர் இனத்தோடு சேருவது எப்போதாவது நடப்பதுதான். நாமத்தலையும் ஊசிவாலும் கோடையில் வடக்கே ஒரே இடங்களில் முட்டையிடுகின்றன. ஜோடி மாறிச் சேர்ந்தால், பிறக்கும் குஞ்சில் இரண்டின் சாயலும் இருக்கும். இந்தப் பெண் கவனமாகப் பார்த்திருக்கிறாள். கடைசி வரியை டீச்சர் இரண்டு தடவை படித்தார். அன்று மத்தியானம் நான் இரண்டு பேர் சோற்றைச் சாப்பிட்டேன்.

நான் பத்தாவது படிக்கும்போது, அம்மாவுக்கு ஓயாத தலைவலி என்று கண் டாக்டரிடம் போனோம். கிட்டத்தில் இருப்பது தெரியும், பத்தடி தாண்டினால் சின்ன வயதிலிருந்தே இவருக்கு எல்லாம் புகைமூட்டம்தான் என்றார் டாக்டர். கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிய அம்மா, மலையை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"இங்கேருந்தே கோட்டைச் செவுரு தெரியுதேடி."

பிறந்ததிலிருந்து திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இப்போதுதான் பார்க்கிறாயா என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் குளக்கரையில் அவள் எதைப் பார்த்தாள் என்று கேட்க, அன்றும் எனக்குத் தோன்றவில்லை.