பெரியவர் மேடுகள்

ஆராய்ச்சி நிலையத்து இளவட்டங்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் குழியம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், போகட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். பொய்யும் இல்லையே. வானத்திலிருந்து கல் விழுந்து பறித்த குழிகளை எண்ணுவதுதான் அவள் தொழில். செவ்வாயோ, புதனோ, ஏதோ ஒரு கோளைச் சுற்றும் நிலவோ, குழி நிறைய இருந்தால் அது கிழட்டுத் தரை. குறைவாக இருந்தால், பிற்பாடு எரிமலைக் குழம்பு வந்து மெழுகிவிட்டுப் போன இளம் தரை. எந்தக் கோளும் தன் வயதைத் தானாகச் சொல்லாது. குழியம்மா உட்கார்ந்து எண்ணினால் சொல்லியே தீரவேண்டும்.

கணவர் பல் டாக்டர். "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் குழியிலதான் பொழப்பு. அவ எண்ணிட்டு எழுந்து வந்துடுவா, நான் அடைச்சாகணும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்து வைப்பாள்.

சிரிக்கத் தெரியாதவள் இல்லை. ஆனால் காலையில் அவளை எழுப்பி, முகம் கழுவ வைத்து, ஆபீசுக்கு அனுப்பியது குழிமேல் இருந்த ஆசை மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி பெரியவர்மேல் இருந்த ஆத்திரம்.

பெரியவர் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. அவள் மாணவியாக இருந்த காலத்தில், தூரத்து நிலவு ஒன்றை ஒரே ஒருமுறை உரசினாற்போல் கடந்துபோன விண்கலம் எடுத்த படங்கள் நிலையத்துக்கு வந்தன. நீள நீளத் துண்டுகள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்கி, அதன்மேல் மெல்லிய தாளை விரித்து, நிலத்தின் மேடுபள்ளங்களை அவள் வரைந்தாள். ஒரு மூலையில் உருண்டை உருண்டையாக மேடுகள் தெரிந்தன. உள்ளிருந்து பொங்கி எழும்பிய எரிமலை மேடுகள். செத்த கட்டை என்று எல்லோரும் கைகழுவிய நிலவுக்குள் சூடு இருந்திருக்கிறது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்து அவள் வீட்டுக்குப் போனாள். காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது அந்தப் படம் அச்சில் இருந்தது. மேலே ஒரே பெயர், பெரியவர் பெயர். கேட்கப் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு இன்னும் வயசிருக்கும்மா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வயது இருந்தது, அதை அவள் கறுவிக்கொண்டே கழித்தாள். அந்த மேடுகளுக்கு உலகம் முழுக்கப் 'பெரியவர் மேடுகள்' என்றே பேர் விழுந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் ஏறியது. அவருக்கு விருது வந்தது, பதவி வந்தது, பொன்னாடை வந்தது. அவள் தன்னால் ஆனதைச் செய்தாள். எத்தனையோ கட்டுரை எழுதியும் அவருடைய அந்தக் கட்டுரையை ஒருமுறைகூட மேற்கோள் காட்டவில்லை. அவர் பேசும் கூட்டங்களில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, வாயைக்கூட மூடாமல் கொட்டாவி விட்டாள். அற்பத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். வயிறு எரிகிறவளுக்குப் பெருந்தன்மை பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கணவர் மட்டும் அவ்வப்போது, "பல்லைக் கடிக்காத, தேஞ்சிடும்" என்பார். தொழில்முறை அக்கறை.

பிறகு அதே நிலவுக்கு இன்னொரு கலம் போனது. இது கடந்து போகிற கலம் அல்ல, சுற்றிச் சுற்றி வருகிற கலம். அடுத்ததாக அங்கே ஒன்றை இறக்கவும் திட்டம். எங்கே இறக்கலாம் என்று முடிவுசெய்யும் குழுவில் அவள் இருந்தாள். ஓய்வு பெற்றிருந்த பெரியவர்தான் குழுவுக்குத் தலைவர். அவர் மேடுகள் அல்லவா, அவரைத் தவிர வேறு யாரை உட்கார வைப்பார்கள்.

புதுப் படங்கள் முதலில் அவள் திரைக்குத்தான் வந்தன. மேடுகள் இருந்த மூலையைத் தேடினாள். அங்கே மேடு இல்லை. அதே வட்டங்கள், அதே வரிசை தலைகீழாக, அத்தனையும் குழி.

பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் மேலேயிருந்து விழும் என்று நம் கண் பழகிக் கிடக்கிறது. படம் தலைகீழாக இருந்தால் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு துண்டின் வெள்ளை ஓரத்திலும் வெயில் வரும் பக்கத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி இருக்கும். அவள் அன்று ஒட்டுகிற அவசரத்தில், அம்பு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளாமலே ஓரங்களை வெட்டி எறிந்திருந்தாள். ஒட்டியதும் தலைகீழாக ஒட்டியிருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு படம் இல்லாததால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை வருடம் தன்னுடையது தன்னுடையது என்று அவள் மாரடித்துக்கொண்ட அந்தப் படம், முழுக்க முழுக்கத் தப்பு.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"அப்ப தப்பு உன்னோடதா?"

"ஒட்டினது நான். திருடினது அவரு."

"என் பேரைப் போடலைன்னு இவ்வளவு நாளா புலம்பினியே. இப்ப போய் அது என் படம்னு சொன்னா, மானம் போறது உனக்குத்தான்."

"சொல்லப் போறதில்ல."

"அப்புறம் என்னைக்குமே சொல்ல முடியாதே. யோசிச்சியா?"

அவள் யோசித்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையேதான் யோசித்தாள். "ஆசைப்பட்டு எடுத்துக்கிட்டாரு. அவரே வெச்சிக்கட்டும்" என்றாள்.

கூட்டம் நீள மேசையில் நடந்தது. பெரியவர் எழுந்து, மேடுகளைக் கண்டுபிடித்த கதையை வழக்கம்போல் ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை அவள் கொட்டாவி விடவில்லை. முடித்ததும் கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். அந்தத் துண்டுகளை ஒட்டினதும் நீங்களேவா?"

"எல்லாம் என் கைதாம்மா. அந்தக் காலத்துல உதவிக்கு ஆளு ஏது?"

"வேற யாரும் தொடலையே?"

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கு முன்னால் இன்னொருமுறை பொய் சொல்வதில் அவருக்கு ஒரு சுகம் இருந்ததோ என்னவோ, சிரித்தார். "ஒரு கோடுகூட வேற யாரும் போடலை."

போதும் என்று அவள் புதுப் படத்தைத் திரையில் போட்டாள். பக்கத்திலேயே அவருடைய படத்தையும் போட்டு, அதை மெதுவாகத் தலைகீழாகச் சுற்றினாள். பாடப்புத்தகத்தில் ஏறிய மேடுகள் எல்லோர் கண்முன்னாலும் ஒவ்வொன்றாக அமுங்கிக் குழியாயின.

"அப்ப நாம மேடுன்னு நெனச்சிக் குழிக்குள்ள எறங்கியிருப்போம்" என்றார் இறங்கு கலத்து எஞ்சினியர். யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். எஞ்சினியர் விடுகிறவராக இல்லை. "அம்பைக் குறிச்சிக்காம ஓரத்தை வெட்டியிருக்காங்க. மொத வருஷத்துல சேர்ந்த பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்களே."

அது அவள் கன்னத்தில்தான் விழுந்தது. காது சுட்டது. முகத்தை அசைக்காமல், "ஆமா சார், பண்ண மாட்டாங்க" என்றாள்.

பெரியவர் தண்ணீர் குடித்தார். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஐந்து நிமிட இடைவேளை என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். அவள் பின்னாலேயே போனாள். அவர் முகத்தைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று இருந்தது, மறைப்பதற்கு என்ன.

லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திடீரென்று கிழவராகத் தெரிந்தார்.

"அது உன் படம்" என்றார். "நீ ஒட்டினது, நீ வரைஞ்சது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் உள்ள வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு."

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். கனவில்கூட இதே சொற்களைச் சொல்ல வைத்திருக்கிறாள்.

"எந்தப் படம் சார்? அதுல என் பேரு எங்கயும் இல்லையே."

"அது நியாயமில்லம்மா."

"நியாயமில்லதான் சார்" என்றாள். "ஆனா நல்லா இருக்கு."