வெள்ளையனின் பல் வைத்தியம்

ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ஜெயா, தன் நாய்க்குப் பல் சுத்தம் செய்ய எட்டாயிரம் செலவழித்ததாகக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் நாயும் என் வெள்ளையனும் ஒரே தாய் போட்ட குட்டிகள். "எல்லாம் காசுத் திமிரு" என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு நாள் வெள்ளையன் சோற்றைத் தொடவில்லை. வாயில் இரத்தம் வடிந்தது. ஜெயாதான் தன் காரில் எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். மயக்க ஊசி போட்டுப் பற்களைப் பிடுங்க வேண்டுமாம். செலவைக் கேட்டு எழுந்துவிட்டேன்.

"இருங்கக்கா, நான் குடுக்கேன். பொறவு மெள்ளத் தாங்க. பாவம், எம்புட்டு வலியத் தாங்குச்சோ!" என்றாள்.

நான் பேசியதெல்லாம் அவள் காதுக்கும் எட்டியிருக்கும். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இப்போது வெள்ளையன் நன்றாகச் சாப்பிடுகிறான். ஆனால் வாசலில் ஜெயாவின் குரல் கேட்டால் என் காலடியை விட்டு எழுந்து அவளிடம் ஓடுகிறான். அவள்மேல் எனக்கிருந்த பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.