எனக்கும் நைட் ஷிஃப்ட்

போன மாதம் பிம்ப்ரியில் மெட்ரோ ஏறினேன். எதிர் சீட்டில் ஓர் இளைஞன் நெஞ்சில் பை மாதிரி ஒன்றை மாட்டி, அதற்குள் குழந்தையை வைத்திருந்தான். குழந்தை கொட்டக் கொட்ட விழித்திருந்தது. அப்பன்காரன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவன் சட்டையிலிருந்து கிரைப் வாட்டர் வாசனை வந்தது. பிள்ளை வளர்த்தவர்கள் மூக்கு அதை மறக்காது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த வாசனையில் நான் இறங்க வேண்டிய ஸ்டேஷனையே கோட்டை விட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கோயம்புத்தூரிலிருந்து புனே பக்கத்து ஆகுர்டிக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்சாலையில் வேலை. வாரத்துக்கு ஒரு தரம் ஷிஃப்ட் மாறும். நாங்கள் குடியிருந்தது சாளில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடை, இதுதான் சாள். பக்கத்து வீட்டில் சுனந்தா தாயி. தாயி என்றால் மராட்டியில் அக்கா. என்னுடைய இந்தியைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஜீவன் அவள்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள், அது வேறு விஷயம்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஆம்பிளை படுத்துவிட்டால், கதவின் வெளிக் கொண்டியில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார்கள். துண்டு கட்டிய கதவை யாரும் தட்ட மாட்டார்கள். பால்காரன் சத்தமில்லாமல் பக்கத்து வீட்டில் ஊற்றிவிட்டுப் போவான். பிள்ளைகள் பேட்டையும் பந்தையும் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போவார்கள். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் அதை மீறினவர்களை நான் பார்த்ததில்லை.

மூத்த மகள் ஊரில், அம்மா வீட்டில் பிறந்தாள். அங்கே இருந்தவரை சமர்த்து. கைக்குழந்தையோடு ஆகுர்டிக்குத் திரும்பியதும் ஆரம்பித்தது கூத்து. ராத்திரி மணிக்கொரு தரம் விழிப்பாள். வசம்பு சுட்டுக் கொடுத்தாயிற்று, கிரைப் வாட்டர் கொடுத்தாயிற்று, திருஷ்டியும் சுற்றியாயிற்று. கூரைக் கம்பியில் என் கல்யாணத்துக்கு வந்த நூல் புடவையில் தூளி கட்டினேன். அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து என் கால் கட்டை விரலில் மாட்டிப் படுத்தபடியே ஆட்டினேன். பெரிய கண்டுபிடிப்பு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். நான் கண் அசந்தால் கால் நிற்கும், கால் நின்றால் அவள் அலறுவாள். அதை மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு மெஷினில் கை வைக்கிற வேலை. தூக்கக் கலக்கம் ஆகவே ஆகாது. அதனால் அவர் ராத்திரி வீட்டில் இருக்கும் வாரங்களில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் உலாத்துவேன். அவர் நைட் ஷிஃப்ட் போகும் வாரம் பகல் பூராவும் கொண்டியில் துண்டு தொங்கும். அப்போதும் பிள்ளையோடு நான் வெளியேதான். நான் எப்போது தூங்குவது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே அந்தக் கேள்வி தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை.

எஸ்டிடி பூத்துக்குப் போய்ப் பேசும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரே பாட்டுத்தான். "புள்ளயத் தூக்கிட்டுப் பேசாம வந்துரு கண்ணு. ஒரு வருசம் இங்க இரு. அவரு மெஸ்ஸுல சாப்புட்டுக்குவாரு."

எனக்கு ரோஷம். அவ்வளவு தூரத்தில் இவள் குடித்தனம் பண்ணிக் கிழித்தமாதிரிதான் என்று என் கல்யாணத்திலேயே சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இந்த வீடு நானே அடுக்கிய வீடு. உப்பு ஜாடியிலிருந்து திரைச்சீலைவரை என் கை பட்டது. அதை விட்டுப் போனால் அவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். அதனால் மாட்டேன் என்றே சொல்லிவந்தேன். ஆனால் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே தூங்கி, சேலைத் தலைப்பு கருகிப்போனது. அன்றைக்குப் பயந்துவிட்டேன்.

"ஏனுங்க, டிக்கெட் போட்டுருங்க" என்றேன்.

"செரி. நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து போறேன்" என்றார். அவருக்கு முகம் தொங்கிப்போனது.

மறுநாள் விடியுமுன் அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் பெட்டியை இறக்கி, பிள்ளையின் துணிகளை மடிக்க உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தூளி காலியாகத் தொங்கியது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் அவர், டிபன் பாக்ஸோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை. பக்கத்தில் சுனந்தா தாயி வெந்தயக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொண்டியில் அவள் வீட்டுத் துண்டு.

"எப்ப வந்தீங்க? தட்டறதுக்கென்ன?"

"துண்டு கட்டியிருக்குதே, எப்பிடித் தட்டறது?" என்றார். தன் வீட்டுக் கதவை, தான் வெளியே இருக்கும்போது! அப்படி ஒரு மரியாதை அந்தத் துண்டுக்கு.

காலையில் பிள்ளை வீறிட்டும் எனக்குக் காது கேட்கவில்லையாம். தாயி சாத்தியிருந்த கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு அவளைத் தூக்கிப் போயிருக்கிறாள். நடுவில் இரண்டு தரம் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்திப் பால் குடிக்கவைத்தாளாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

"துஜி பண் ராத்பாளீச் ஆஹே நா!" என்றாள். உனக்கும் நைட் ஷிஃப்ட்தானே என்று அர்த்தம். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பதிலாக எஸ்டிடி பூத்துக்குப் போனோம். "நான் வரலம்மா. எனக்கு இங்க ஷிஃப்ட் இருக்குது" என்றேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்துவிட்டேன்.

பிள்ளை அதற்குப் பிறகும் பல மாதம் ராத்திரி எழுந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் காலையில் சமையல் முடிந்ததும் என் கதவில் துண்டு ஏறும். அடுத்த வருடம் சோலாப்பூர்ப் பெண் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது. அதற்கடுத்து ஒரு பாலக்காட்டுப் பெண். அவர்கள் கதவில் நான் கட்டினேன். நான் இருந்தவரை, பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் ஊருக்குத் திரும்பினவள் எங்கள் வரிசையில் ஒருத்திகூட இல்லை. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தலை நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டுமே.

சாளை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் சாகண் பக்கம் வேலை தேடிப் போனார்கள். தாயி மகனோடு நாசிக் போய்விட்டாள். தீபாவளிக்குப் போன் பண்ணுவாள். நாங்களும் லிஃப்ட் வைத்த கட்டடத்துக்கு வந்துவிட்டோம். நல்ல வீடு, காற்றோட்டம் உண்டு. எதிர் ஃப்ளாட்டில் சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி, இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை, ஒரு கைக்குழந்தை. கதவு நல்ல கனமான கதவு, ஒரு சத்தமும் வெளியே வராது. பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை, அந்தப் பெண்ணால் முடியவில்லை, ஒரு வருடத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு இதைச் சொன்னது வாட்ச்மேன்.