மேனேஜருக்குப் பிரசவம்

பல் தேய்ப்பதற்கு முன்னால் அவள் வாத்துகளைத் திட்டியாக வேண்டும். பின்கதவைத் திறந்ததும் அத்தனையும் ஓடி வந்து ஒரே குரலில் கத்தும். "வந்துட்டேன்டி, வந்துட்டேன். ராத்திரி பூரா என்ன வெட்டி முறிச்சீங்க, இப்படிப் பசிக்குது?" என்று அவளும் பதிலுக்குக் கத்துவாள். ஒரு கையில் தீவனச் சட்டி, மறு கையில் பிரஷ். அவள் வாய்க்குப் போவதற்குள் பிரஷ்ஷில் வைத்த பசை காய்ந்துவிடும்.

ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு. பின்னால் அரை ஏக்கர் நிலம். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுவதும் கட்டடங்களுக்குள்ளே இருட்டில் தொங்குகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மண்ணில் கால் வைக்க ஆசை. ஆசை அவருடையது, ஞாயிறு போக மீதி ஆறு நாளும் அவளுடையது. அவர் அதைப் 'பண்ணை' என்பார். அவள் 'அது' என்பாள். "அதுக்குத் தண்ணி வெச்சீங்களா? அதோட கதவைச் சாத்தினீங்களா?"

பெயர் வைப்பதெல்லாம் அவர் வேலை. கூட்டமாகப் போய்க் கூட்டமாகக் கத்துவதால் வாத்துகளுக்கு 'யூனியன்' என்று பெயர். இருக்கிற ஒரே பெட்டை ஆடு எதுவும் செய்யாமல் நின்று எல்லாரையும் முறைத்துப் பார்க்கும். அதனால் அது 'மேனேஜர்'.

முன்னறையில் அவளுடைய தையல் மிஷின் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். துணிக்கூடையில் கையை விட்டால் சில நாள் முட்டை வரும். ஒருமுறை மேனேஜர் உள்ளே வந்து, தைத்து மாட்டியிருந்த சட்டையின் காலரைத் தின்றுவிட்டது. வாங்க வந்த அம்மாளிடம் இவள் கூச்சப்படாமல், "காலர் இல்லாட்டி என்ன, கழுத்துக்குக் காத்து வரும்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டதால் பிழைத்தாள். ராத்திரி புதுக் காலர் தைத்தபோது சிரிப்பு வரவில்லை.

கணவருக்கு ஒரு சொல் உண்டு: "ஒண்ணும் ஆகாது." கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம், ஒண்ணும் ஆகாது. வாத்துக் குஞ்சுகள் ஒரு ராத்திரி குளியலறையில் இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது. அந்தச் சொல் காதில் விழுந்தால் அவள் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பாள். "ஆனப்புறம் அள்ளத்தான் நான் இருக்கேனே."

சும்மா சொல்லக் கூடாது, நல்ல நாளும் உண்டு. தக்காளி காய்த்தால் ஒரே வாரத்தில் காய்த்துத் தள்ளும். இவள் பையோடு வருவதைப் பார்த்தாலே தெருவில் கதவைச் சாத்துவார்கள். அடுத்த வாரம் கடைக்குப் போய்த் தக்காளி வாங்குவாள். சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் மேனேஜரின் நெற்றியைச் சொறிந்துகொடுப்பாள். யாராவது வந்தால் உண்ணி பார்ப்பது போலக் கையை மாற்றிக்கொள்வாள்.

'அது' வந்த பிறகு புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வெளியூர் போனதில்லை. யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும். அந்த ஒருத்தர் எப்போதும் அவள்தான். மகள் வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள். சேர்த்துவிட அப்பா போனார். பரிசு வாங்கியபோதும் அப்பாதான் போனார். இப்போது படிப்பு முடிந்து பட்டம் கொடுக்கிறார்கள். "வரேன்னு சொல்லாதம்மா," என்றாள் மகள் போனில். "வந்தா வா. போன தடவை நீ வருவேன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தேன். ஆட்டுக்கு வேற அம்மாவே கிடையாதா?"

போனை வைத்துவிட்டு அவள் கணவரிடம் சொன்னாள்: "இந்தத் தடவை நான் போறேன். நீங்க இருங்க."

"தாராளமா போயிட்டு வா. ஒண்ணும் ஆகாது."

அவள் எழுந்து போய் மேனேஜரின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். காரணம் மேனேஜர் நிறைமாதம். அந்தக் கதையிலும் அவளுக்குப் பங்கு உண்டு. கணவரோடு வேலை செய்கிறவர் ஊருக்குப் போகும்போது தன் கிடாவைச் சில நாள் இங்கே விட்டுப்போனார். தனியாகக் கட்டிவைத்த கிடா விடிய விடியக் கத்தித் தீர்த்தது. "பாவம், விருந்தாளி. பேச்சுத் துணைக்கு மேனேஜர் பக்கத்துல விடட்டுமா?" என்று கேட்டார் கணவர். தூக்கக் கலக்கத்தில், "விட்டுத் தொலைங்க" என்றவள் அவள்தான். அதனால் அவரை வாய் நிறையத் திட்டவும் வழியில்லை.

பட்டமளிப்பு அன்று காலையில் புதுத்துணி உடுத்தி, தலைவாரி, வாடகைக் காரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் கிளம்பும்போது பின்பக்கமிருந்து கணவர் அலறினார்.

"இந்தாம்மா! சீக்கிரம் வா! ஒரு காலும் மூக்கும் தெரியுது!"

"இன்னொரு கால்?"

"காணோம்!"

அவள் ஓடிப்போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாள். மேனேஜர் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கணவர் மண்டியிட்டு, செய்வதறியாமல் விழித்தார். மாட்டு டாக்டர் போன் எடுக்கவில்லை. பிறந்த வீட்டில் ஆடுகளுக்கு இந்த வேலையைச் செய்தது அவள் கைதான். அந்தக் கைகளை இப்போது முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"உள்ள வாயேன்!"

"வந்தேன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கதான். நீங்களே கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. முழங்கை வரைக்கும்."

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"லிஃப்ட் நடுவுல நின்னு உள்ள ஆள் மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பயப்படாம இருக்க முதல்ல பேச்சுக் குடுப்பேன்."

"அப்ப அவளுக்குப் பேச்சுக் குடுங்க. குடுத்துக்கிட்டே கையை விடுங்க. மூக்குக்குக் கீழ மெதுவா தடவுங்க. மடங்கின கால் தட்டுப்படும்."

வாசலில் கார்க்காரர் ஹாரன் அடித்தார். யூனியன் பதில் கொடுத்தது.

"மேடம், கொஞ்சம் பொறுத்துக்கங்க, இதோ ஆச்சு," என்று கணவர் ஆட்டிடம் சொன்னார். மேனேஜரை அவர் மேடம் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. அடுத்த நொடியே அவர் கத்தினார்: "கிடைச்சிடுச்சு! கால் கிடைச்சிடுச்சு!"

"குளம்பை உள்ளங்கையில மூடிக்கிட்டு முன்னால கொண்டாங்க. அவ முக்கும்போது மட்டும் இழுங்க, கீழ்ப்பக்கமா. இப்ப... இப்ப!"

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. அவளுடைய கைகள் தாமாகவே பிரிந்து வேலிக் கம்பியைப் பிடித்தன. "மூக்கைத் துடைங்க. வைக்கோலால நல்லா தேயுங்க. இன்னும் அழுத்தி!" அவர் தேய்த்தார். குட்டி ஒரு தும்மல் போட்டு, மெல்லிசாகக் கத்தியது. மேனேஜர் திரும்பி அதை நக்க ஆரம்பித்தது.

அவள் கம்பியை விட்டுவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். கார் கிளம்பியபோது வீட்டுக்குப் பின்னாலிருந்து கணவரின் குரல் தெருவுக்கே கேட்டது.

"இந்தாம்மா! உள்ள இன்னொண்ணு இருக்கு!"

கார்க்காரர் பிரேக்கில் கால் வைத்து, கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் நேரே ரோட்டைப் பார்த்தபடி, தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைக் கடைசி வரை ஏற்றினாள்.