எனக்கு முன்னால் வந்து போனவர்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் தெருவுக்குத் தெரு விருந்தினர் விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். அவற்றின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துக் கொடுக்கும் தொழிலை நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து ஆரம்பித்தோம். அவர் வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே மனுஷி அவர். துவைப்பும் இஸ்திரியும் மடிப்பும் அவர் பொறுப்பு. விடுதி விடுதியாகப் போய்ப் பேசி வேலை பிடிப்பது என் பொறுப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதன்முதலில் போன விடுதியின் கேட்டை நான் திறக்கும்போது, உள்ளேயிருந்து ஒருவர் கறுப்புக் குடையை விரித்தபடி வெளியே வந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. முகம் தெரியவில்லை. விடுதிக்காரர் என் ரேட்டைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்பதாங்க ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. உங்களவிட கம்மியா சொன்னாரு."

"குடை வெச்சிருந்தாரே, அவரா?"

ஒரு கணம் யோசித்தார். "ஆமாங்க, அவருதான்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே ரேட்டைக் குறைத்து வேலையைப் பிடித்தேன். அடுத்த விடுதியிலும் அதே கதை. "நேத்து ஒருத்தர் கேட்டுட்டுப் போனாரு." "குடையோடவா?" "ஆமா, குடையோடதான்." நான் காலை எட்டு மணிக்குப் போனால் அவர் ஏழு மணிக்கு வந்து போயிருப்பார். ஏழுக்குப் போனால் முந்தின நாளே வந்திருப்பார். நாளாக நாளாக அவரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒல்லியானவர், டீ கொடுத்தால் குடிக்கமாட்டார், துண்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார். நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எல்லா விடுதிக்காரர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

பொய் சொல்வானேன், அவரால்தான் நான் வளர்ந்தேன். எதிரில் ஒருவர் இருக்கிறார் என்றால்தான் எனக்குக் கால் ஓடும். ஒன்பது விடுதிகளைப் பிடித்தேன். ஆனால் மொட்டைமாடியில் விரிப்புகள் காயும்போது, அந்த வெள்ளைத் துணிகளுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போலிருக்கும். கீழே பார்த்தால் குடையின் முனை தெரியும். துணியை விலக்கினால் கொடிக்கம்பு. பட்டப்பகலில், மலை அப்படியே கண்ணெதிரே நிற்க, துணியை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவிடுவேன்.

வினோதம் என்னவென்றால், ஊரில் ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. சோப்புத்தூள் மொத்த வியாபாரிக்குத் தெரியாத சலவைக்காரர் இந்த ஊரில் இருக்க முடியாது. அவரே உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர், அடி அண்ணாமலைப் பக்கம் நிறைய வெள்ளைத் துணி காய்வதைப் பார்த்ததாகச் சொன்னார். அக்கா பிறந்த ஊர் அது. எனக்குள் ஏதோ சுருக்கென்றது.

கிரிவலப் பாதையில் நடந்தே போனேன். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்கள் அரூபமாக நடக்கிற வழி என்று எங்கள் ஊரில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இடது ஓரமாக நடப்பார்கள். அன்று அவசரத்தில் நான் மலையோரமாகவே போயிருக்கிறேன். சோடாக்கடை அம்மா சத்தம் போட்டார்.

"அந்தப் பக்கம் நடக்காதம்மா! அவங்க வர்ற வழி."

"குடை வெச்சிக்கினு ஒருத்தர் இப்படிப் போவாராம்மா?"

"போவாரு போவாரு, எத்தினி பேர் போறாங்க."

வெள்ளைத் துணிகளைக் கண்டுபிடித்தேன். பந்தல்காரர் ஒருவர் அலசிக் காயப்போட்டவை. திரும்பி வரும்போது பாதை காலியாகக் கிடந்தது. என் கூடவே, மலையோரமாக, யாரோ என் நடைக்கு ஈடுகொடுத்து வருவது போலவே இருந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

அந்த வாரம் அடுப்படியில் அக்காவிடம் மட்டும் ஒரு யோசனை சொன்னேன். கடைசி அலசலில் எலுமிச்சைப்புல் கொதிக்கவைத்த தண்ணீரைச் சேர்த்தால் வாசனையாக இருக்கும் என்று. மறுநாள் காலை ஒரு விடுதியில் அதை நான் சொல்லி முடிப்பதற்குள், "அதையேதாங்க அவரும் சொன்னாரு" என்றார் விடுதிக்காரர். அக்காவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத யோசனை அது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அன்றுவரை நீங்க என்று பேசியவரிடம் நீ என்று ஆரம்பித்தேன். "அவனுக்கு எவ்ளோ நாளா சொல்லிக்கினு இருக்க?"

அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "அப்படி ஒரு ஆளே இல்லம்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்களே, அப்படி இருக்குது உன் கதை."

"இல்லைனு உனக்கு எப்படித் தெரியும்? அவனைக் காப்பாத்துறியா?"

அவர் மிச்சமிருந்த விரிப்புகளை மடித்து முடித்தார். அந்த மாதமே குடும்பத்தோடு அடி அண்ணாமலைக்குத் தனிக்குடித்தனம் போய்விட்டார். ஒழியட்டும், வேலி தாண்டிய ஆடு என்று சொல்லிக்கொண்டேன். கூலிக்கு ஆள் வைத்தேன். மடிப்பு ஒன்றும் அக்காவின் மடிப்பு மாதிரி வரவில்லை.

பிறகு அந்தப் பெரிய விடுதி வந்தது. முப்பது அறை. மேலாளர் ஒரு பெண். என் ரேட்டைக் கேட்டுவிட்டு, "இன்னொருத்தரும் வந்திருந்தார்" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. குடைக்காரர்தானே, இங்கேயே கூப்பிடுங்கள், நேரில் பேசித் தீர்த்துக்கொள்கிறேன் என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

"யாரும் வரலைங்க. புதுசா ரேட் பேச வர்றவங்ககிட்ட எல்லாரும் சொல்றதுதானே இது. எது சொன்னாலும், அவரும் அதையே சொன்னாருனு சொன்னா ரேட்டு எறங்கும்."

"அப்போ குடை?"

"குடைய நீங்கதானே இப்ப சொன்னீங்க."

ஒன்பது விடுதிகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் குடையை நான்தான் சொல்லியிருக்கிறேன். ஒல்லி என்றதும், டீ குடிக்கமாட்டாரா என்றதும் நான்தான். முதல் நாள் கேட்டில் பார்த்த யாரோ ஒரு ஆளுக்கு எலும்பும் சதையும் கொடுத்து, என் அக்காவையும் பிடித்து அவனுக்குக் கூட்டாளியாக்கியிருக்கிறேன். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. வேலை எனக்கே கிடைத்தது.

அங்கிருந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். காலைத் தொடாத குறையாகச் சொன்னேன்.

"நீங்க சொன்னதுதான் நெஜம்க்கா. அப்படி ஒரு ஆளே இல்ல. திரும்பி வந்துடுங்க. முப்பது ரூம் கெடச்சிருக்குது."

தோலை ஊதித் தள்ளிவிட்டு நிதானமாகக் கேட்டார். "அதுக்கு வேற யார் வந்தாங்க?"

"வேலூர்ல இருந்து பெரிய சலவை மெஷின்காரங்க வரப்போறாங்களாம்க்கா. நம்ம ஒன்பது எடத்தையும் கண்ணு வெச்சிருப்பாங்க. அவங்களுக்கு முன்னாடி நாம..."

சொல்லச் சொல்ல என் குரலில் பழைய வேகம் ஏறுவது எனக்கே கேட்டது. அக்காவின் கை நின்றுவிட்டது.

"எனக்குப் பயமா இருக்குதும்மா."

"அந்த ஆள்தான் இல்லைனு ஆயிடுச்சேக்கா."

"அவனப் பாத்து இல்ல, உன்னைப் பாத்து. இருக்கிற ஒருத்தன் போனா இன்னொருத்தனைத் தேடிக்கிற. யாருமே கெடைக்காத அன்னிக்கு, கூட இருக்கிற நான்தான் உனக்கு அந்த ஆளு."

உரித்ததில் ஒரு கைப்பிடி அள்ளி என் மடியில் போட்டார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.