வெங்காயம் உரிக்க நேபாளம் போனேன்

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? ஒருத்தி ஊர் சுற்றிவிட்டு வந்தால் போதும், என்ன பார்த்தாய், என்ன தின்றாய் என்று தோண்டித் துருவ வேண்டியது. சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். வரட்டும். கேட்டது நீங்கள்தானே, உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் திண்டிவனத்திலிருந்து நேபாளம் போனேன். விழுப்புரத்தில் ஒருவர் வருடா வருடம் நாற்பது பேரைச் சேர்த்துக் கூட்டிப் போகிறார். கோரக்பூர் வரை ரயில், அப்புறம் பஸ். இந்த மாதிரி டூரில் சமையல்காரர், அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் கூடவே வரும். இமயமலையே எதிரில் நின்றாலும் நம் தட்டில் ரசம் சாதம்தான். அது எனக்குத் தெரியும். அந்தச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போவது நான் என்பதுதான் தெரியாது.

காத்மாண்டுவில் முதல் நாள். பழைய அரண்மனையைச் சுற்றிப் பார்க்க எல்லாரும் கிளம்பினார்கள். நான் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். டூர்க்காரர் வந்தார்.

"ஆயா, நீங்க எதுக்கு இந்தக் கூட்டத்துல அலையுறீங்க? இப்டி நெழலா குந்துங்க. இந்தப் பூண்டை மட்டும் உரிச்சு வெச்சுடுங்க."

ஒரு நாள்தானே என்று உரித்தேன். லாட்ஜ் வாசலில் ஒரு ஆள் குட்டிக் குட்டிக் கொழுக்கட்டை மாதிரி எதையோ ஆவி பறக்க விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் சிவப்புச் சட்னியில் தொட்டுத் தொட்டுத் தின்றார்கள். எழுந்து போக முடியாமல் மடி நிறையப் பூண்டு. போனவர்கள் திரும்பி வந்து மரத்தில் செதுக்கிய ஜன்னலையெல்லாம் போனில் காட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறுநாள் வேறொரு ஊர், அங்கே ஏதோ ஒரு கடைத்தெரு. அன்றைக்குச் சின்ன வெங்காயம்.

மூன்றாவது ஊர் பொக்காரா. அங்கே ஏரிக்குப் பக்கத்து மலைமேல் வெள்ளையாக ஒரு கோபுரம். பஸ் பாதி மலை வரை போகும், மிச்சத்துக்குப் படி ஏற வேண்டும். மேலே போனால் ஏரியும் பனிமலையும் ஒன்றாகத் தெரியும் என்று ஊரிலேயே சொல்லியிருந்தார்கள். நான் அதற்காகவே பேர் கொடுத்தவள். பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் டூர்க்காரர் வெங்காய மூட்டையை என் காலடியில் வைத்தார்.

வந்ததே எனக்கு. "ஏன்யா, திண்டிவனத்துல வெங்காயமே இல்லன்னு நெனச்சு என்னை இங்க இட்டாந்தியா? பாஸ்போர்ட்டு மாதிரி கையில கத்தியைக் குடுத்துட்ட. நானும் மனுசிதானே? மலை பாக்கணும்னு எனக்கு இருக்காதா?" என்று கத்தினேன்.

அவர் போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டார். என் மகனின் குரல்.

"சார், அம்மாவுக்கு முட்டி வலி. மலை, படின்னு எங்கியும் ஏத்திடாதீங்க. சும்மா குந்த வெச்சா பொலம்பிக்கினே இருக்கும். பூண்டு, வெங்காயம்னு எதுனா குடுத்துடுங்க, பொழுது போயிடும்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால், அந்த முட்டி வலி பொய். மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப்போட மருமகள் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முட்டி வலிக்கும். ஏழெட்டு வருடமாக நன்றாக உழைத்த வலி. இதை நாற்பது பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வெங்காய மூட்டையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னையும் விழுப்புரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவையும் தவிர எல்லாரும் மேலே போனார்கள்.

நாலு வெங்காயம் உரித்தேன். கண்ணீர் வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். மகன்மேல் கோபம், டூர்க்காரர்மேல் கோபம், என்மேலேயே கோபம். பொய் சொன்னது நான்தான், சரி. ஆனால் இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்து என் காலைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார்கள், காலுக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

என்னோடு உரித்துக்கொண்டிருந்த அந்த விழுப்புரத்து அம்மாவுக்கு நிஜமாகவே கால் வீக்கம். அவர் என் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கினார். "போக்கா, ஜல்தி போ. இதை நான் பாத்துக்கறேன். மேல என்னா இருக்குதுன்னு எனக்கும் வந்து சொல்லு."

ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது. அப்புறம் கேளுங்கள், ஏழெட்டு வருடத்தில் முதல் முறையாக முட்டி நிஜமாகவே வலித்தது! படியோரம் டீக்கடை போட்டிருந்த ஒரு பொம்பளை ஓடி வந்து என்னை உட்கார வைத்தாள். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. தான் சாப்பிட எடுத்து வைத்திருந்த தட்டை என் முன்னால் நகர்த்தினாள். பார்த்தால் களி. நம்ம கேப்பைக் களியேதான், பக்கத்தில் ஏதோ புளித்த கீரை. இரண்டு ஊர் தாண்டி அன்றைக்குத்தான் அந்த நாட்டுச் சாப்பாடு என் வாயில் பட்டது. களியைக் கிள்ளிக் கீரையில் தொட்டு நான் முழுங்குவதைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டு, என் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டு உச்சி வரை கூடவே வந்தாள்.

கீழே ஏரி. எதிரே பனிமலை, மரக்காணம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு மாதிரி வரிசையாக, வெள்ளை வெளேரென்று. நான் பேசாமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பது என்ன சாதாரண விஷயமா?

டூர்க்காரர் என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்த மாதிரி விழித்தார். "ஆயா! உங்க புள்ளைக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"போட்டோ எடுத்து அனுப்பு. அதான் பதில்."

அனுப்பினார். உடனே மகன் போன் செய்தான். "யம்மா, யாரு உன்னை மலை ஏறச் சொன்னது?"

"யாரும் சொல்லலடா. எங்கிட்ட யாரும் கேக்கவும் இல்ல" என்று வைத்துவிட்டேன்.

இறங்கி வந்ததும் விழுப்புரத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வெங்காயத்தைக் கையால் தொடவில்லை. யாரும் தொடச் சொல்லவும் இல்லை.

பாஷை தெரியாத ஒருத்திக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்தது, கூடவே இருப்பவர்களுக்குப் புரியவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திண்டிவனம் வந்து இறங்கினால், அந்த போட்டோ எனக்கு முன்னால் தெரு முழுக்கப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகள் சூழ்ந்துகொண்டார்கள். "என்னா ஆயா, மலையே ஏறிட்ட. இனிமே மாடியில மல்லாட்டை காய வெக்க நீயே ஏறிடுவ, இல்ல?" என்று ஒருத்தி கண்ணடித்தாள்.

நான் அவர்களிடம் சொன்னேன்: "மலை ஏறணும்னு எனக்கு ஆசை, ஏறுனேன். நான் மாடி ஏறணும்னு உங்களுக்குத்தானே ஆசை? நீங்க ஏறுங்கடி."