அண்ணன் உதைத்த பந்து

என் அண்ணன் பந்தோடு எம்பினால் திருவண்ணாமலையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். தங்கச்சி என்பதால் அளக்கவில்லை. எழுபதுகளில் அந்தப் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்! வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையால் தலைக்கு மேலாகத் தூக்கிப் போடுவான். வலை மட்டும் சலக்கென்று ஆடும். கோபமும் அவனுக்கு அதே வேகத்தில் வரும்.

ஒரு வருஷம் அங்கே நடந்த டோர்னமென்ட் ஃபைனலுக்குச் சென்னையிலிருந்து ஒரு பேங்க் டீமின் மேனேஜர் வந்திருந்தார், அண்ணனைப் பார்க்கவென்றே. பிடித்துப்போனால் பேங்கில் வேலை, பெரிய டீமில் இடம். அவர் பக்கத்து நாற்காலியில் அப்பா வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். நான் மதில்மேல் நின்று கத்தினேன், கத்தினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

கடைசி நிமிஷம். நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அண்ணன் கையில். ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்! பந்தைத் தட்டாமல் நடந்துவிட்டானாம், பந்து எதிர் டீமுக்காம். நடந்தானாம்! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் ஓங்கி ஒரு உதை விட்டான் பாருங்கள், பந்து புளியமரத்தைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு விசில் சத்தம் கேட்டால் போதும். ஆட்டம் முடிந்தது, ஜெயித்த குஷியில் உதைக்கிறான் என்று நினைத்து, கப் வாங்கும்போது வெடிக்க வைத்திருந்த சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். பேண்டு செட்டும் பிடித்துக்கொண்டது. ஆளாளுக்குத் துண்டைச் சுழற்றி ஆடினார்கள். அந்தப் புகையில், பந்தை உதைத்ததற்கு ரெஃப்ரி டெக்னிக்கல் ஃபவுல் காட்டியதை எவன் பார்த்தான்? அதற்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் எதிர் டீம் பையன் போட்டு இரண்டு பாயிண்ட் எடுத்துவிட்டான். தோற்றோம். பேண்டு அப்போதும் நிற்கவில்லை.

மேனேஜர் எழுந்தார். "பையன் ஆட்டம் பிரமாதங்க. கோபம்தான் ஜாஸ்தி. எங்களுக்கு ஒத்து வராதுங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

ஊருக்கென்ன, அது திருவிழா! டீக்கடை, சலூன், எங்கே பார்த்தாலும் அந்த உதைதான் பேச்சு. கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "பந்தை உதைச்சாரே, அவரு தங்கச்சியா?" என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காப்பியில் சர்க்கரை போடாமலே கொடுத்தேன்.

எண்பதுகளில் ஒரு சாயங்காலம். நானும் அண்ணனும் அந்த மைதானத்து வழியாக வந்துகொண்டிருந்தோம். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குறி தப்பிய ஒருவன் பந்தை எட்டி உதைத்து, அண்ணன் பேரைச் சொல்லிக் கூவினான். மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. விடுவிடுவென்று உள்ளே போனேன்.

"டேய், அவரு ஆட்டத்தைப் பத்தி உனக்கு இன்னாடா தெரியும்?"

பையன் மிரண்டு போனான். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டான்:

"அவரு ஆடவும் செய்வாராக்கா?"

அண்ணன் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். "வாம்மா, போலாம்" என்றான்.